கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாட்கள்

ஏழு வருஷமாக என் கணவருக்கு அஸ்பிரின் குளிசையை என் கையால்தான் கொடுத்தேன். நெஞ்சு வலி வந்து தப்பிப் பிழைத்தவர், சீனி வியாதியும் உண்டு. இரத்தம் கட்டிவிடக்கூடாது, ஒரு நாளும் தவறவிடாதீர்கள் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மகளின் பிரசவத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்தபோதும் விடவில்லை. வீடியோ கோலில் விழுங்கச் சொல்லி, நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னேன்.

வீட்டில் சீனிப் போத்தலையே ஒழித்துக்கட்டினேன். குரக்கன் பிட்டு, கீரை, பாகற்காய் என்று அவருக்குச் சமைத்ததையே நானும் தின்றேன். இரத்தம் எடுக்கும் கிளினிக் வந்தால் முந்திய இரண்டு நாளும் கதிர்காமத்து முருகனுக்கு விரதம் என்பார். எனக்கு மனம் உருகிப்போகும். நானும் சேர்ந்து பட்டினி கிடந்து, காலி வயிற்றோடு மலை ஏறி றப்பர் பால் வெட்டுவேன். ரிப்போர்ட் நன்றாக வரும். நர்ஸ் மிஸ்ஸி கிளினிக் கொப்பியைத் தூக்கிக் காட்டி, "இந்த அம்மா மாதிரிப் பாத்துக்கணும்" என்று மற்றவர்களிடம் சொல்வார். அந்தப் பெருமையில் நான் தோட்டத்து லய வீடுகள் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அடித்தேன்தான்.

போன மாசி மாதம் ஒரு காலை, றப்பர் மலையில் அவர் கையிலிருந்து வெட்டுக்கத்தி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. "அப்ப அந்தக் குளிசை எதுக்கு? ஏழு வருஷமா மண்ணையா குடுத்தேன்?" என்று சிங்கள டொக்டரிடமே கேட்டேன். சிங்களத்தில் எனக்குச் சண்டையும் போட வரும்.

அவர் கோபப்படவில்லை. மூன்று மாதச் சீனியைக் காட்டும் ஒரு சோதனை எடுத்திருந்தார். அந்த மூன்று மாதமும் சீனி ஏறியேதான் இருந்திருக்கிறது என்றார். சீனி அப்படி நிற்கும்போது இரத்தத்தைக் கட்டவைக்கும் அணுக்கள் பிசுபிசுப்பாகிவிடுமாம். புதிது புதிதாக வேறு வேகமாக உண்டாகுமாம். காலையில் விழுங்கும் குளிசை அந்நேரம் இருக்கும் அணுக்களைத்தான் அடக்கும். பிறகு பிறப்பவற்றை விட்டுவிடும். இவருக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சீனிக்காரர்கள் பலருக்கு அஸ்பிரின் முழு வேலை செய்வதில்லை என்றார்.

எனக்கு அது உடனே விளங்கியது. பால் கட்டாமல் இருக்கச் சிரட்டையில் அமோனியா விடுகிறோம். அந்தப் பாலை எடுத்துக்கொண்டு போன பிறகும் மரம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். பின்னால் சொட்டியது மறுநாள் கட்டியாகக் கிடக்கும். விளங்காதது ஒன்றுதான்: என் வீட்டில் இல்லாத சீனி அவர் உடம்புக்கு எங்கிருந்து வந்தது?

பால் நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் போய் அவருடைய கூட்டாளியைப் பிடித்தேன்.

"அட என்னா மதினி, ஒங்களுக்குத் தெரியாதா? தெனம் பால் நிறுத்த பொறகு பிளேன்டீயோட ஹக்குருக் கருப்பட்டி கடிச்சாத்தான் அவருக்கு உசுரே வரும்."

"அவரு விரதமெல்லாம் இருந்தாரே?"

அவர் சிரித்துவிட்டார். "வெரதமாவது மண்ணாங்கட்டியாவது. ரெண்டு நாள் வயித்தக் கட்டுனா ரிப்போட்டு நல்லா வரும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

சுற்றி நின்ற யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சாமி பெயரைச் சொல்லி என்னையும் பட்டினி போட்டிருக்கிறார் மனுஷன்.

வார்டுக்குப் போய், "ஏங்க இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். வாய் கோணி, கண்ணீர் மட்டும் வந்தது. பதில் பேச முடியாதவரோடு என்ன சண்டை போடுவது? கண்ணைத் துடைத்துவிட்டு, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். மன்னித்து ஊட்டவில்லை. இன்னொரு தடவை வந்தால் ஆள் தேறமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் கிளினிக். அதற்குள் கைத்தடியோடு நடந்தார், பேச்சும் திக்கித் திக்கி வந்தது. முந்திய நாள் சோற்றைத் தள்ளிவைத்து, "வெ... வெரதம்" என்றார்.

"சாப்பிடுங்க. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எதிரிலேயே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை பார்த்தேன்.

மறுநாள் கொப்பியில் ஏறிய சீனி எண்ணைப் பார்த்து மிஸ்ஸியின் முகம் மாறியது. "அம்மே, மொகத மே? என்ன இது? இத்தனை வருஷம் நல்லாப் பாத்துக்கிட்டு, முடியாம விழுந்த பொறகு இப்படிக் கைவிட்டுட்டீங்களே!" வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவரைப் பார்த்தேன். காலையில் பஸ்ஸில், "ஆஸ்பத்திரில எறக்குங்க" என்று கண்டக்டரிடம் அவரே சொல்லியிருந்தார். இப்போது உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். மிஸ்ஸி என்னைத் திட்டி முடிக்கும்வரை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.