நாற்பதாம் நாள் கோதுமை

லூயிஷாமில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு ருமேனியப் பெண். அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் கோயிலிலிருந்து வரும்போது வாசலில் வைத்து ஒரு கிண்ணம் தந்தார். அவித்த கோதுமை, மேலே சீனியும் வால்நட்டும். "அம்மாவுக்காகச் செய்தது" என்றார். நேர்த்திப் பிரசாதம் என்று நினைத்து, கொண்டுபோய்ச் சாமியறையில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தேன்.

மனைவி கண்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையின்ர தாய் போன மாதம் செத்தவவெல்லோ? செத்தவீட்டுச் சாப்பாட்டைப் பிள்ளையாருக்குப் படைச்சிட்டு நிக்கிறியள்."

கேட்கப் போனேன். ஓம், தாயின் நாற்பதாம் நாளாம். எங்கள் இருவருக்கும் ஓட்டை ஆங்கிலம்தான், ஆனாலும் விளங்கியது.

அவருடைய மாவட்டம் டெலியோர்மான். டான்யூப் ஆற்றின் வடகரையில், மலையே இல்லாத தட்டை வெளி. முன்பு அடர்ந்த காடாம். மாவட்டத்தின் பெயரே அந்தக் காட்டால் வந்ததாம். காட்டை வெட்டிக் கோதுமை, சோளம், சூரியகாந்தி போட்டார்கள். நிலங்களை அரசாங்கம் எடுத்துக் கூட்டுப்பண்ணை ஆக்கி, பிறகு துண்டுதுண்டாகத் திருப்பிக் கொடுத்தது. அந்தத் துண்டில் ஒரு குடும்பம் சீவிக்க ஏலாது. இளம் ஆட்கள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் இங்கேயும் வந்துவிட்டார்கள்.

"உயிரோட இருக்கிற ஆட்கள் சாப்பிட்டாத்தான் அம்மாவுக்குப் போய்ச் சேரும்," என்றார். "எங்கட ஊர்த் தெருவில கிண்ணம் வாங்க ஆள் இல்லை. அதுதான் இஞ்ச சமைச்சனான். இஞ்சையும் மூண்டு வீடு கதவைச் சாத்திப்போட்டுது. ஒராளுக்கு வால்நட் ஒத்துவராதாம். நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

எனக்கு அன்று விரதம். சாமியறையில் செய்த பிழை வேறு. பிள்ளையார் பொறுப்பார் என்று மனதில் பட்டது.

"இப்ப சாப்பிடுறன்," என்றேன்.

கிண்ணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை மஞ்சள் தண்ணீரால் துடைத்தேன். குசினி மேசையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். "கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கலாம்," என்றாள் மனைவி. பார்த்திராத அந்தத் தாய்க்காகச் சிவசிவ என்று சொல்லிக்கொண்டேன்.

கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. கிண்ணமும் சாப்பிட்டவருக்குத்தானாம்.

"முழுக்கச் சாப்பிட்டீங்களோ?"

"ஓம்," என்றேன். அவர் ஒரு விரலை மடித்தார். "மனைவியும் சாப்பிட்டவ."

"அப்ப ரெண்டு பேர்," என்று சொல்லி, இன்னொரு விரலையும் மடித்தார்.