அப்பாவுக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

நான் படத்துக்குக் கலை இயக்குநர் என்றால் எங்கள் ஊரில், "சீன் கீறுறதோ?" என்று கேட்பார்கள். ஓம், சீன் வரைவதும்தான். இந்தப் படத்துக்குச் செத்தவீடு ஒன்றை உண்டாக்க வேண்டும். சந்திச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டாமல் என்ன செத்தவீடு? ஒட்டுவதற்கு ஒரு முகம் தேவை. நடிகர்கள் ஒருவரும் மசியவில்லை.

உரும்பிராயில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்ற அப்பாதான் சிரித்தார். "என்ரை படத்தைப் போடு பிள்ளை. செத்தாப்பிறகு நான் பாக்கவோ போறன்?"

பெயரை மாற்றித்தான் அச்சடித்தேன். சுன்னாகம் சந்தைக்குப் போகும் வழியில் ஒட்டினோம். பெரியப்பா தினமும் வெங்காயம் கொண்டுபோகிற வழி அது. ஒரு முழ வேலிக்காக அப்பாவும் அவரும் பேச்சை விட்டுப் பதினொரு வருடம். படப்பிடிப்பு முடிந்த களைப்பில் கிழிக்க மறந்துபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெயரை ஆர் வாசிக்கிறது? முகத்தைத்தானே பார்ப்பார்கள்.

மறுநாள் காலை மாமி தெருவிலிருந்து ஒழுங்கைக்குத் திரும்பும்போதே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார். விறாந்தையில் அப்பாவைக் கண்டதும் அழுகையை நிறுத்தாமலே திட்டத் தொடங்கினார். "அறுவானே, இருந்து தேத்தண்ணியோ குடிக்கிறாய்!"

பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. கிழித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பினேன்.

"பொறு பிள்ளை. பின்னேரம் போகலாம்."

அப்பா சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கதிரையை வாசல் படலையடிக்கு இழுத்தார். சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தார். யாருக்காக என்று எனக்கு விளங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர் எழும்பவில்லை. பெரியப்பா வரவில்லை.

பின்னேரம் போய்க் கிழித்தேன். பக்கத்தில் வெங்காயம் விற்றவர் சொன்னார்: "உங்கடை பெரியப்பா விடிய இதிலை நிண்டு கனநேரம் படத்தைப் பாத்தவர் தங்கச்சி. பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிட்டார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே வீட்டுக்கு வந்தேன். அப்பா இன்னும் படலையடியில்தான் இருந்தார்.

"எல்லாத்தையும் கிழிச்சுப்போட்டியோ?"

"ஓம்."

"அண்ணைக்கு இப்ப கண் சரியாத் தெரியாதாம். கண்டிருக்கமாட்டார்." ஒழுங்கையை ஒருக்கால் எட்டிப் பார்த்தார். "மிச்சம் ஒண்டு கிடந்தா, அவரின்ரை வாசலுக்கு நேரை ஒட்டிவிடு பிள்ளை."