நிலாவுக்கு வெள்ளை தேடிய வருஷம்

குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனுக்கு வந்து இறங்கிய அன்று சுலோச்சனாவின் கண்ணில் பட்டது தங்கம் இல்லை, சாம்பல் நிறம். தங்கத்தை உறிஞ்சிக்கொண்டு மில்லு கழித்துக் கொட்டிய மண், லைன் வீடுகளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்தது. சயனைடு கலந்து கழுவிய மண் என்பதால் அதற்குச் சயனைட் மேடு என்று பேர். காற்றடித்தால் அது கிளம்பி வந்து கூரை, கொடித்துணி, பானை மூடி என்று எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்ளும்.

"நிறமே இல்லாத ஊரா இது?" என்று முதல் வாரமே புருஷனிடம் கேட்டாள்.

"ஷாஃப்டுக்குள்ள எறங்கிப் பாரு. அப்பறம் இதுவே கலரா தெரியும்," என்றான் தம்மபாலன். நந்திதுர்க் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் பாறை ஏற்றிய தொட்டிவண்டி தள்ளுகிறவன்.

அந்தப் பேச்சு அவளுக்குள் எங்கோ தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து அவன் டிபன் பாக்ஸில் அவள் கை வேறு மாதிரி வேலை செய்தது. கேழ்வரகுக் களியை நடுவில் உருட்டி வைத்து, ஒரு பக்கம் மஞ்சள் பூசணி, ஒரு பக்கம் பசலைக் கீரை, ஓரத்தில் பீட்ரூட் துருவலை ஒரு கீற்று. சுரங்கத்துக்குள், தலைவிளக்கு வெளிச்சத்தில் அவன் மூடியைத் திறந்தால் கூட்டாளிகள் எட்டிப் பார்ப்பார்கள். "உன் பொண்டாட்டி சோறு கட்டறாளா, படம் கட்டறாளா பா?" என்பார்கள். அவன் அதை வீட்டில் வந்து சொல்வான். அவள் காதில் விழாதவள் போல அடுப்பை ஊதுவாள்.

லைனில் பாதிக் குடும்பங்கள் பௌத்தக் குடும்பங்கள். வைகாசிப் பௌர்ணமி அன்று புத்தர் கோயிலான விகாரின் சிமெண்டுத் தரையில் கல்மாவுக் கோலமாக ஒரு சக்கரம் போடுவது வழக்கமாக இருந்தது. சுலோச்சனா வந்த சில வருஷத்தில் அதை மாற்றினாள். வீட்டுக்கு ஒரு பிடி தானியம் வாங்கினாள். நொய்யரிசியை மஞ்சளிலும், கீரைச் சாற்றிலும், சங்குப்பூத் தண்ணீரிலும் ஊறவைத்து நிழலில் உலர்த்தினாள். கறுப்புக்கு உளுந்து, பழுப்புக்குக் கேழ்வரகு. காலையில் தரை நிறையப் படம். சாயங்காலம் புது விளக்குமாறால் அதைக் கூட்டி, புடைத்து, கழுவி, பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி லைன் முழுக்க ஊற்றுவார்கள். மதம், ஜாதி பார்க்காமல் யார் தட்டு நீட்டினாலும் உண்டு.

அதனால் அவள் வைத்திருந்தது ஒரே சட்டம். வாயில் போட முடியாதது படத்தில் போகக் கூடாது. கடையில் விற்கிற சாயப்பொடியைக் கொண்டுவந்தவளை ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அறுபத்தாறாம் வருஷம் மழை பொய்த்துப் போயிருந்தது. ரேஷன் கடையில் அரிசி கண்ணில் படவில்லை. கப்பலில் வந்த மைலோ சோளம் கொடுத்தார்கள், செக்கச் செவேலென்று. மக்காச்சோளம் கொடுத்தார்கள். இரண்டும் தொண்டையில் இறங்க முரண்டு பிடித்தன. லைனில் எல்லார் வயிறும் பாதிதான் நிரம்பியது. வாசல் கோலத்துக்கு அரிசி மாவு என்பதே போய், பெண்கள் சயனைட் மேட்டிலிருந்து மண்ணை அள்ளி வந்து, உலர்த்திச் சலித்து, டப்பாவில் வைத்துக்கொண்டு அதில் இழை போட்டார்கள். அரிசி மாவை விட நைசாக விழும். எறும்பு மொய்க்காது. ஒருவரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

இப்படிப்பட்ட வருஷத்தில் வீட்டுக்கு ஒரு பிடி கேட்பதா என்று பௌத்தச் சங்கத்துச் செயலாளர் தர்மராஜே தயங்கினார். சுரங்கத்துக்குள் மரத்தூண் நிறுத்துகிற வேலை அவருக்கு. பேச்சிலும் பாரத்துக்கு முட்டுக்கொடுக்கிற நிதானம் இருக்கும்.

"இந்த வருஷம் கல்மாவுலயே போட்டுடலாம்மா. ஜனம் பசியில கீது."

"பசியில கீற வருஷம் கஞ்சி ஊத்தாம எந்த வருஷம்ணா ஊத்தறது?" என்றாள் சுலோச்சனா.

வீட்டுக்கு ஒரு பிடி வந்தது. சில வீடுகளில் அரைப்பிடி.

வந்து சேர்ந்த நிறங்களைப் பார்த்து அவள் படத்தையே மாற்றினாள். சக்கரம் வேண்டாம். பெரிய பிச்சைப் பாத்திரம் ஒன்று, கேழ்வரகில். அதற்குள் மைலோவின் சிவப்பும் சோளத்தின் மஞ்சளும் பொங்கி வழிகிற மாதிரி. விளிம்பில் கீரைப் பச்சை. மேலே சங்குப்பூ நீலத்தில் வானம், வானத்தில் முழு நிலா. விடியும் முன்பே உட்கார்ந்தவள் வெயில் ஏறும்போது எல்லாவற்றையும் முடித்துவிட்டாள், நிலாவைத் தவிர. நிலாவுக்கு வெள்ளை வேண்டும். வந்த தானியத்தில் வெள்ளை என்று ஒன்றுமே மிச்சமில்லை. இருந்த கொஞ்சம் நொய் எல்லாம் பச்சையிலும் நீலத்திலும் போய்விட்டது.

"கோழி ஏறாம பாத்துக்கோ," என்று நேசமணியிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

நேசமணி பக்கத்து வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிறவள். போன மாசம்தான் மாரிக்குப்பத்திலிருந்து இங்கே குடி வந்திருந்தாள். காலையிலிருந்து கூடவே உட்கார்ந்து, சொன்ன இடத்தில் சொன்னதைத் தூவிக்கொண்டிருந்தாள். நல்ல விரல் அவளுக்கு.

சுலோச்சனா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள்.

"அரிசியா?" என்று சிரித்தாள் பார்வதம்மா. "அது எப்படி இருக்கும்னே மறந்து போச்சு. ஒரு படம் வரைஞ்சு காட்டேன், அடையாளம் சொல்றேன்."

வெறும் முறத்தோடு திரும்பி வந்தபோது விகார் வாசலில் கூட்டம். தலைகளை விலக்கிப் பார்த்தாள். வானத்தில் நிலா இருந்தது. வட்டம் பிசகாமல், ஓரம் கலையாமல், வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம். ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் அது மினுமினுத்தது.

"ஏது மாவு?" என்றாள்.

"ஊட்டுல டப்பால கீற மாவுக்கா," என்றாள் நேசமணி, முகமெல்லாம் பூரிப்பாக.

அரிசி மாவு மினுக்காது. சுலோச்சனாவுக்கு அது தெரியும். ஒரு நிமிஷம் அது மனசில் வந்து நிற்கவும் நின்றது. அதற்குள் தர்மராஜ், "இத்தினி வருஷத்துல இப்படி ஒரு நிலா வந்ததில்லமா," என்றார். பின்னாலிருந்து யாரோ, "நெஜ நிலாவே நாணி மறைஞ்சிடும் போல," என்றார்கள். அவள் குனிந்து தொட்டுப் பார்த்திருக்கலாம். தொட்டால் அந்த வட்டம் கலையும். தொடவில்லை.

பூஜை முடிந்தது. பஞ்சசீலம் சொல்லி எழுந்தார்கள். சாயங்காலம் படத்தைக் கூட்டி அள்ளினார்கள். சுலோச்சனா வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தானியம் கழுவப்பட்டு, அண்டாவில் ஏறி, கொதித்து, நாகம்மா துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லா நிறமும் ஒன்றாகிச் செம்மண் குழம்பு மாதிரி குமிழியிட்டது. வாசம் லைன் முழுக்கப் போயிருந்தது. பிள்ளைகள் அலுமினியத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்களும் நெருங்கி நின்றார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் பார்வையும் அண்டாவில்.

தானியம் கழுவிய தொட்டி ஓரமாகக் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைக்கலாம் என்று சுலோச்சனா குனிந்தாள். அடியில் படலமாக வண்டல். விரலால் வழித்துத் தேய்த்தாள். அரிசி மாவு நனைந்தால் பசை பிடிக்கும். இது பசை பிடிக்கவில்லை. நறநறவென்றது. விரல் நுனியில் மினுக்கியது.

எழுந்து நேசமணியின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனாள்.

"எந்த டப்பா?"

"வாசக் கோலத்துக்கு வெச்சிருக்கறது. ஏங்கா?"

"எங்க அள்ளுன?"

"புது மேட்டுல. மில்லுலேர்ந்து பைப்பு வந்து ஊத்துது பாரு, அதுக்குக் கீழ. அங்க தான் நைசா கீது." சொல்லிக்கொண்டிருந்தவள் சுலோச்சனாவின் முகத்தையும், அண்டாவையும், மறுபடி முகத்தையும் பார்த்தாள். "அக்கா. மாவோட சேத்தா காய்ச்சறாங்க? தானியத்த மட்டும் தனியா எடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். கோலம்னா கோலம் தானேக்கா."

"வாயை மூடு. யார் கிட்டயும் பேசாத."

நாகம்மா துடுப்பை அண்டா விளிம்பில் தட்டினாள். கஞ்சி ஆயிற்று என்று அர்த்தம். தர்மராஜ் கரண்டியைக் கையில் எடுத்தார்.

"அண்ணா, ஊத்தாதீங்க," என்றாள் சுலோச்சனா, கிட்டப் போய், மெதுவாக. "நிலாவுல போட்டது சயனைட் மண்ணு. பைப்பு ஊத்தற எடத்து மண்ணு."

அவர் கரண்டி அந்தரத்தில் நின்றது. "யார் போட்டது?"

"படம் என்னுது."

"அத்த கேக்கல. யார் போட்டதுன்னு கேட்டேன்."

"படம் என்னுதுன்னா படத்துல கீறது எல்லாம் என்னுது தான்."

பின்னால் நேசமணி வாயைத் திறப்பது தெரிந்தது. சுலோச்சனா காலைப் பின்னுக்கு நகர்த்தி அவள் பாதத்தை மிதித்தாள்.

தர்மராஜ் வரிசையை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மூணு தண்ணி ஊத்திக் கழுவியாச்சு. கொதிச்சும் போச்சு. எல்லார் ஊட்டு வாசல்லயும் அந்த மண்ணு தான் கீது. எந்தக் கோழி செத்துச்சு சொல்லு."

"கோழி செத்தா நாம தான் கொழம்பு வெச்சுடறோமே, எதுல செத்துதுன்னு எவன் பாத்தான்?" என்றாள் நாகம்மா. அவளுக்குக் காது கூர்மை.

"மேட்டுத் தண்ணி குடிச்ச மாடு போன கோடையில விழுந்துச்சே, அது?" என்றாள் சுலோச்சனா.

"அது தண்ணி. இது மண்ணு." அவருக்கே அந்தப் பதில் போதவில்லை. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. என்ன தாமதம் என்று பின்வரிசை எழுந்தது. ஒரு குழந்தை தட்டைத் தரையில் தட்டியது. அதைப் பார்த்து இன்னொன்று. சற்று நேரத்தில் வரிசை முழுக்கத் தட்டுச் சத்தம்.

"ஊட்டுக்கு ஊடு வாயக் கட்டிக் குடுத்த புடிமா இது," என்றார் அவர். "விஷமா இருந்தாலும் இருக்கலாம்னு சொல்லி நான் எப்படிக் கொட்டறது? நானே மொதல்ல குடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா எல்லாருக்கும் ஊத்து." தம்ளரில் மொண்டார். வாய்க்குக் கொண்டுபோனார்.

சுலோச்சனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்ளர் தளும்பி இருவர் கையிலும் சுட்டது. இருவரும் விடவில்லை.

"உங்க ஒடம்பு வேற, இந்தப் பிள்ளைங்க ஒடம்பு வேறண்ணா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது."

"உன் நம்பிக்கைக்காக ஊரு பட்டினி கெடக்கணுமா?"

விஷம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். கொதித்தால் அது போகுமா என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். மத்தியானமே அந்த மினுக்கல் அவளிடம் சொன்னது, அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவையும் கேட்காமல் இருக்க முடியாது.

அவர் கையை விட்டாள். நாகம்மாவின் தோளிலிருந்த துணியை உருவி, அண்டாவின் விளிம்பில் போட்டு, உடம்பின் பாரம் முழுவதும் கொடுத்துத் தள்ளினாள். அண்டா ஒரு கணம் கல்லின் மேல் ஆடியது. பிறகு சாய்ந்தது. கஞ்சி அடுப்பின் மேல் விழுந்து சீறியது. புகையும் சாம்பலும் எழும்பி அவள் வெள்ளைச் சேலையை மூடின.

தட்டுச் சத்தம் நின்றது.

ஒருத்தி அழத் தொடங்கினாள். ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஷிப்ட் முடிந்து, சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஏறி வந்த ஆட்கள், முகத்தில் பாறைத்தூளோடு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். தர்மராஜ் கையிலிருந்த தம்ளரையும் கவிழ்த்துவிட்டு, "மண்வெட்டி எடுத்துட்டு வாங்கப்பா. ஆடு நாய் வாய் வெக்கறதுக்குள்ள பொதைச்சிடணும்," என்றார். அவரே குழி தோண்டினார்.

வீட்டில் தம்மபாலன் அவள் கைக்கு எண்ணெய் தடவிவிட்டான். "நான் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா ஒரு தம்ளர் குடிச்சிருப்பேன். செத்தேனா இல்லையான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். உனக்கும் பேச்சு மிச்சம்," என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரித்துச் சொல்லவில்லை.

புதைத்துவிட்டதால் கடைசிவரை யாருக்கும் உண்மை தெரியவில்லை. விஷம்தான் என்றார்கள் சிலர். ஒன்றுமில்லாத மண்ணுக்காக ஊர்ச் சோற்றைக் கொட்டினாள் என்றார்கள் பலர். குழாயடியில் அவள் குடம் வைத்தால் பேச்சு நிற்கும். நேசமணி ஒருநாள் பொறுக்கமாட்டாமல், நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டாள். "அவ சொல்லிக் குடுத்து நீ பேசற," என்று நாகம்மா அதையும் நம்பவில்லை. ஆனால் வாசல்களில் சாம்பல் நிறக் கோலம் ஒவ்வொன்றாகக் குறைந்து, தீபாவளிக்குள் ஒன்றுமில்லாமல் போயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. டப்பாக்களைக் கொட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வைகாசி வந்தது. சுலோச்சனா விடியும் முன்பே விகார் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாங்கப் போகவில்லை. எந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? வந்தால் வரட்டும், வராவிட்டால் வெறும் தரையைக் கழுவிவிட்டுப் போவது என்று தீர்மானித்திருந்தாள். வெயில் வந்தது. முறம் காலியாகவே இருந்தது.

கடைசியில் தர்மராஜ் வந்தார். வேட்டி மடிப்பில் மைலோ. முறத்தின் முன்னால் நின்றவர் உடனே கொட்டவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பச்சைச் சோளம் பல்லில் கடகடவென்றது. அவளைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார். பிறகு மிச்சத்தை முறத்தில் சாய்த்தார்.

"போதுமா?" என்றார்.

"போதும்ணா."

அவருக்குப் பின்னால் நாகம்மா, பார்வதம்மா. தூரத்தில் நேசமணி, கைக்குட்டையில் ஏதோ முடிந்துகொண்டு. எங்கிருந்தோ பிடித்துவிட்டிருந்தாள், உள்ளங்கையளவு பச்சரிசி. வரிசையில் தன் முறை வருவதற்கு முன்பே அவள் வாய் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் நீயே தின்னுடாதடி," என்றாள் சுலோச்சனா. "நிலாவுக்கு வேணும்."