கைப்பட்டை இல்லாத சிப்பாய்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து வருஷம் யுத்தம் நடந்தது. நடந்தது என்று சொல்வதே தப்பு. நடக்காமல் நின்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைப் பிடிக்க வந்த கும்பினிப் படை, காவேரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு காலைத் தூக்கியபடி, மறுகாலை வைக்காமல் ஐந்து வருஷம் காத்திருந்தது. ஏனென்றால் அதில் பன்னிரண்டு பேருக்குச் சட்டைக் கையின் நுனியில் இருக்கும் பட்டை என்ன நிறம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

அவர் மைசூர் சர்க்காரில் குமாஸ்தா. மற்றவர்கள் எழுதியதை அழகான கையெழுத்தில் பிரதி எடுக்கிற வேலை. ஒரு தடவை பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு ஆபீஸ் காரியமாகப் போனவர், சீமைக்குத் திரும்பும் ஒரு துரை வீட்டு ஏலத்தில் ஒரு மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே ஈயச் சிப்பாய்கள். விரல் உயரம், சிவப்புச் சட்டை, தோளில் துப்பாக்கி. பையனுக்கு என்று நினைத்தேன். எங்கள் பையனுக்கு அப்போது மீசை முளைத்துவிட்டது, பெங்களூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். விசாரித்ததில் தமக்குத்தான் என்றார்.

சிப்பாய்கள் வந்ததோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? அவர்கள் தலையில் இருந்த தொப்பி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த தொப்பியாம். ஒவ்வொருவனையும் மடியில் வைத்துக்கொண்டு அரத்தால் தொப்பியை ராவி, அரக்கை உருக்கி அந்தக் காலத்துத் தொப்பியை வைத்தார். நம் ஊர்ச் சிப்பாய்களுக்கு முண்டாசு கட்டினார், பூட்ஸைச் சுரண்டி வெறுங்கால் ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய் உடைந்த மதிலை நாடாப் போட்டு அளந்தார். வரும்போது ஆற்று மணலை அள்ளிக்கொண்டு வந்தார். எதில் என்றால், நான் புளியோதரை வைத்துக் கொடுத்தனுப்பிய அடுக்கில். பழைய கதவு ஒன்றைக் கூடத்தின் நடுவில் கிடத்தி, அதன்மேல் அந்த மணலைப் பரப்பி, களிமண்ணில் கோட்டை கட்டினார். வீடு முழுக்க டர்பண்டைன் நாற்றம். பெருமாளுக்குச் சாற்றிய துளசிகூட அந்த வாசனையே அடித்தது.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கூடம் என்னுடைய கொலு வைக்கிற இடம்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது அம்மா ராஜா ராணி மரப்பொம்மைகளைக் கொடுத்தாள். மைசூரில் அது வழக்கம். அந்த ஜோடியை நடுப்படியில் வைத்து, வருஷா வருஷம் ஒன்றிரண்டு சேர்த்து, ஏழு படிக்கு வளர்த்திருந்தேன். தசரா ஒன்பது நாளும் தெருப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பாடுவார்கள். மற்ற முந்நூற்று ஐம்பத்தாறு நாள் நான் யாருக்கு என்ன? அந்த ஒன்பது நாள்தான் எனக்கென்று ஒரு வாசல் திறந்தது. அதன் குறுக்கே ஒரு கதவைப் போட்டு அதில் படையை நிறுத்திவிட்டார் மனுஷர்.

"இந்த வருஷம் மட்டும் பொறுத்துக்கோ," என்றார் முதல் வருஷம். "அந்தப் பன்னிரண்டு பேருக்குக் கைப்பட்டை பூசிட்டா எல்லாம் முடிஞ்சுது. அன்னிக்கே கதவைப் பின்கட்டுக்கு எடுத்துண்டு போயிடறேன். கூடம் உன்னுது."

"பூசிடுங்கோளேன். அஞ்சு நிமிஷ வேலை."

"எந்த வர்ணம்னு தெரிஞ்சாத்தானே?"

ஒரு புத்தகம் மஞ்சள் என்றதாம், இன்னொன்று பச்சை என்றதாம். அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்த வெள்ளைக்கார ரெஜிமெண்டுக்கு எது சரி என்று சீமைக்குக் காகிதம் எழுதினார். கப்பலில் போய்க் கப்பலில் வரவேண்டும். எனக்கு ஏழு படி கிடையாது, சமையலறையில் அரிசிப் பானை ஓரமாக மூன்று பலகை. ராஜாவும் ராணியும் புகையில் நின்றார்கள். மளிகைக்கடைச் செட்டியார் பொம்மையும் அவர் பெண்டாட்டியும் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

கொலுவுக்கு வந்த பெண்கள் கூடத்தைத் தாண்டித்தானே சமையலறைக்கு வரவேண்டும்? அவர்கள் படையைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாள், "ஏன்ரீ, குருக்ஷேத்ரானா?" என்று கேட்டாள். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை, ஆமாம் என்றேன். அர்ஜுனன் யார் என்றாள். மதில்மேல் ஏறுகிற ஒரு கேப்டனைக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் இருமிய இருமல் இருக்கிறதே, அது இருமல் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டாம் வருஷமும் பதில் வரவில்லை. இரண்டாவது காகிதம் போட்டார். மூன்றாம் வருஷம், இந்தக் காகிதத்தை வேறு ஒருவருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று இரண்டு வரி வந்தது. அதைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "கறுப்பைப் பூசிடுங்கோ, யார் பார்க்கப்போறா?" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். பெருமாள் திருவாராதனத்துக்குப் பண்ணுகிற சாற்றமுதில் வெங்காயம் போடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

அந்த மூன்றாம் வருஷ விஜயதசமியன்றுதான் பெரிய சண்டை. அன்று சாயங்காலம் ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையையாவது படுக்க வைத்தால்தான் கொலு முடிந்ததாகும். நான் சமையலறையில் ராணியைப் படுக்க வைத்தேன். பிறகு கூடத்துக்கு வந்தால் மனசு கேட்கவில்லை. ஒன்பது நாளும் ஊர்ப்பெண்கள் இதன் முன்னால்தானே உட்கார்ந்து பாடினார்கள்? இதுவும் கொலுவில் நின்றதுதானே? அப்படியே நிற்க விட்டால் வீட்டுக்கு ஆகுமா? ஆற்றில் நின்ற ஒருவனை எடுத்து மெதுவாக மணலில் படுக்க வைத்து, ஆரத்தியும் காட்டினேன்.

அவர் ஜம்பூ சவாரி ஊர்வலம் பார்த்துவிட்டு வந்தார். ஊரெல்லாம் யானையையும் மகாராஜாவையும் பார்க்கப் போனால் இவர் குதிரைப்படைக்காரர்களின் பொத்தான்களைப் பார்க்கப் போவார். செருப்பைக் கழற்றும்போதே கண் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது.

"இவனைக் கொன்னது யாரு?"

"யாரும் கொல்லலை. படுக்க வெச்சிருக்கேன்."

"இறங்கின உடனே இந்த ரெஜிமெண்டுல ஒருத்தன் விழுந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை."

"அவன் விழலை. தூங்கறான்."

"யுத்தத்து நடுவுல எவனாவது தூங்குவானா?"

"அஞ்சு வருஷம் ஆனாலும் அடுத்த கால் எடுத்து வைக்காதவன் தூங்காம என்ன பண்ணுவான்?" என்றேன். அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கோபத்தில் கூடச் சொல்லிவிட்டேன், அதுவே பலித்தும்விட்டது. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அவர் கேட்க வேண்டியதைச் சுவரைப் பார்த்துக் கேட்டார், நானும் சுவருக்கே பதில் சொன்னேன்.

ஐந்தாம் வருஷம் ஆவணியில், நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சீமைத் தபால்தலை ஒட்டிய உறை வந்தது. அந்த ரெஜிமெண்டின் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கேப்டன் எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அதை ஊஞ்சலில் உட்கார்ந்து படித்தார். நான் மனசுக்குள் ஏழு படியையும் போட்டுவிட்டேன். பலகைகளை எந்தப் பரணிலிருந்து இறக்குவது, செட்டியாருக்கு இந்த வருஷம் புதுப் பருப்பு என்னென்ன என்பது வரைக்கும் போய்விட்டேன்.

அவர் படித்துமுடித்து மடித்து வைத்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன வர்ணமாம்?"

"வர்ணமே இல்லையாம்."

கேப்டன் நல்ல மனுஷர், நாலு பக்கம் எழுதியிருந்தார். விதிப்படி ஒரு நிறம் உண்டுதான். ஆனால் அந்தப் படையெடுப்பு சமயத்தில் புதுச் சட்டைகள் வந்து சேரவில்லை. பழையது கிழிந்து தொங்கியது. ஆளாளுக்குப் படையோடு வந்த கடைத்தெருவில் கிடைத்த துணியை வாங்கி ஒட்டுப்போட்டுக்கொண்டார்களாம். ஆகவே அன்றைக்கு ஆற்றில் இறங்கியவன் கையில் என்ன நிறம் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, மன்னிக்கவும் என்று முடித்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் என் கூடத்தை அடைத்துக்கொண்டதற்கு இது நல்ல பதில்தானே? ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் சிரிக்க வரவில்லை. ஆபீசில் இவருக்குப் பின்னால் வந்தவர்கள் மூன்று பேர் இவரைத் தாண்டி மேலே போனார்கள். அதற்கெல்லாம் முகம் வாடாதவர் அன்று வாடிவிட்டார். ஒரே ஒரு விஷயத்தையாவது தப்பில்லாமல் முடிக்கலாம் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தார். அப்புறம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏண்டி, அந்தக் காலத்துல கடைத்தெருவுல என்ன துணி கிடைச்சிருக்கும்?"

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் தமக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"பட்டும் ஜரிகையுமா கிடைச்சிருக்கும்? முரட்டுக் காடாதான். நீலம் தோய்ச்சது. வேர்ச் சாயத்துச் சிவப்பு, அதுவும் ரெண்டு தோய்ப்புல வெளுத்துப்போனது. கஞ்சி போகாத வெள்ளை."

"ஒருத்தனுக்கு ஒரு வர்ணம்னு வெச்சுக்கலாமா?"

"அவசரத்துக்கு ஒட்டுப்போடறவன் ரெண்டு கைக்கும் ஒரே துணியைத் தேடிண்டிருப்பானா? ஒரு கைக்கு நீலம், ஒரு கைக்கு அழுக்கு வெள்ளை. அதுவும் கோணலாத் தெச்சிருப்பான். பெண்டாட்டியா கூட வந்தா, தெச்சுக்கொடுக்க?"

அவரிடம் ஒரு நோட்டுப்புத்தகம் உண்டு. எந்தப் பொத்தான், எந்த வார்ப்பட்டை, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று அதில் குறித்து வைப்பார். அன்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் எடுத்துப் பார்த்தேன். பக்க எண் போடுகிற இடத்தில் 'அகத்தில் சொன்னது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்.

மண்டி மொஹல்லாவில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி, நான் பழைய சாயங்களைக் காட்டினேன், அவர் அதற்கேற்ற வர்ணத்தைக் கலந்தார். கலந்ததை நான் பார்த்துச் சரி என்றால்தான் பூசினார். பல தடவை சரியில்லை என்றேன். உண்மையாகவே சரியில்லாதது பாதி, ஐந்து வருஷத்துக்குப் பழி வாங்கியது பாதி. நவராத்திரிக்கு முதல் நாள் கதவைத் தூக்கப் போனார். நானே வேண்டாம் என்றேன். அது கொலுவின் அடியில் இருக்கட்டும், மேலே படி கட்டிக்கொள்கிறேன் என்றேன். ஏழு படியும் ஏறின. செட்டியாரையும் அவர் பெண்டாட்டியையும் பருப்புக்குப் பதில் துணித்துண்டுகளோடு பாசறைப் பக்கம் உட்கார்த்தினேன்.

"செட்டியார் கோட்டை மதிலைவிட உயரமா இருக்கார்," என்றார்.

"நன்னா வியாபாரம் ஆறது. வளர்ந்துட்டார்."

எதிர்வீட்டு அம்மாள் வந்தபோது, நான் வாயைத் திறக்குமுன் அவரே அர்ஜுனனைக் காட்டினார்.

விஜயதசமியன்று ஆரத்தித் தட்டோடு வந்து ராணியைப் படுக்க வைக்கக் குனிந்தேன். எனக்கு முன்னாலேயே ஒருவன் ஆற்று மணலில் படுத்திருந்தான். பன்னிரண்டு பேரில் ஒருவன். எடுத்துப் பார்த்தால் ஒரு கையில் நீலம், மறுகையில் ஒன்றும் இல்லை, வெறும் ஈயம்.

"இது என்ன? எல்லாம் முடிஞ்சுதுன்னேளே?"

அவர் திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். "அந்த ஒரு கைக்கு இன்னும் தோணலை. தூங்கட்டும். அடுத்த வருஷம் எழுப்பிப் பார்த்துக்கலாம்."

முடித்துவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன பண்ணுவது என்று பயந்திருக்கிறார். அது புரிந்ததும் நானும் விட்டுவிட்டேன். சிப்பாயை மெல்லிய துணியில் சுற்றி ராணிக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்தேன்.

மார்கழியில் நாலு நாள் ஜுரம். ஐந்தாம் நாள் அவர் இல்லை.

அடுத்த வருஷம் கொலு கிடையாது. அதற்கு அடுத்த வருஷம் மருமகள் வைத்தாள், நான் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். துணியைப் பிரித்து அவனை எழுப்பி நானே ஆற்றில் நிறுத்தினேன். வர்ணம் காயாமல் டப்பியில் இருந்தது, தூரிகையும் இருந்தது. மருமகள்கூட, "பூசிடட்டுமா அம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தக் கைக்கு என்ன துணி என்று அவர் என்னை இன்னும் கேட்கவில்லையே.

வருஷா வருஷம் அவனை எடுக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரே ஒரு கை. அரை நிமிஷ வேலை. முடித்துவிட்டுப் போயிருக்கலாம் மனுஷர்.