அப்படி ஒரு படம் இல்லை என்று எழுதியவன் நான்

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஆறேழு வருசமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். தாளை எடுத்து வைப்பேன். விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன். அம்மனைச் சாக்குச் சொல்லி அம்மனிடமிருந்தே ஒளிந்துகொண்டிருந்தேன். இனி முடியாது.

நான் பத்தாவது வரை படித்தவன். சிவகாசி அச்சாபீசுகளில் முப்பது வருசம் வேலை பார்த்தேன். வேலையை விட்ட பிறகு, செல்போனில் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றைப் பழகிக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் அதில் கட்டுரை எழுதலாம். நான் கோயில்களைப் பற்றி எழுதினேன். புனைபெயர்தான். பிழை திருத்தினேன், வம்பு பண்ணுகிறவர்களைத் தடுத்தேன். கொஞ்ச நாளில் என்னை நிருவாகி ஆக்கினார்கள். கட்டுரையை நீக்குகிற அதிகாரம் கைக்கு வந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது. பழைய படங்களைப் பற்றி நிறையக் கட்டுரை வரும். எது இருக்கத் தகுந்தது, எது இல்லை என்று பார்த்து, சான்று இல்லாததைத் தட்டிவிடுவேன். தட்டும்போது சந்தோசமாக இருக்கும். அதையும் மறைக்கக் கூடாது.

எதிர் வீட்டில் ஒரு மதினி இருந்தார். முறைக்கு மதினி, ரத்த உறவு இல்லை. பதினேழு வயதில் பட்டணம் போய், ஒரு பக்திப் படத்தில் அம்மனுக்குத் தோழியாக நடித்தேன் என்பார். நாலு மாதம் கழித்துத் திரும்பியதும் அவசரமாகக் கல்யாணம் முடித்தார்கள். சீக்கிரமே மகள் பிறந்தாள். படம் ஒரு வாரம் ஓடியதாகச் சொல்வார். ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனால் தெரு வேறு கணக்குப் போட்டது. படமும் இல்லை ஒன்றும் இல்லை, எவனோடோ போய்விட்டு வந்தாள், மகள் அவனுக்குப் பிறந்தவள் என்று. மதினியின் புருசனே சாகும்வரை அதைச் சொல்லித்தான் அடித்தார்.

அந்த மகள் பட்டாசு ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். ஐம்பது வயதில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அம்மா நடித்த படத்துக்கு ஒரு பக்கம் எழுதி ஏற்றினாள். நடிகர் பட்டியலின் கடைசியில் அம்மா பேர். இணையத்தில் வந்துவிட்டால் ஊர் வாய் அடைபட்டுவிடும் என்று நம்பினாள்.

அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. சான்று இல்லை என்று குறி போட்டேன். மறுநாளே அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். குறி போட்டவன் நான் என்று அவர்களுக்குத் தெரியாது.

"கொளுந்தனாரே, நீக அச்சாபீசுல இருந்த ஆளு. இதக் காட்டுனா ஒத்துக்கிடுவாகளா?" என்று மதினி ஒரு பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். அந்தக் காலத்தில் தியேட்டரில் விற்பார்களே, அது. மேலே அம்மன் படம், உள்ளே பாட்டு, கடைசியில் நடித்தவர் பேர்கள்.

நான் தாளின் பின்பக்கத்தைத் தடவினேன். பழைய அச்சில் ஈய எழுத்து தாளில் அழுந்தும். பின்னால் விரலுக்குத் தட்டுப்படும். இது வழவழவென்று இருந்தது. புதுசாக ஆப்செட்டில் அடித்தது. "பழசு எங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "காட்டிப் பாருங்க மதினி" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் அதைப் படம் பிடித்து ஏற்றியதும், "சான்று போலி. அண்மையில் அச்சிடப்பட்டது. இப்படி ஒரு படம் வெளிவந்ததாகத் தெரியவில்லை" என்று எழுதிப் பக்கத்தை நீக்கினேன். சக நிருவாகி ஒருவர் என் கூர்மையைப் பாராட்டினார்.

நீக்கிய பக்கத்தைத் தேடினால் நீக்கிய காரணம் வரும். அது டீக்கடைக்கு வந்துசேர நாலு நாள் ஆகவில்லை.

"ஏலே, இங்கன பாரு. அப்படி ஒரு படமே கெடையாதாம். போலியாம்."

"அப்ப நாலு மாசம் கெழவி எங்கன இருந்தா?"

"அவ மக மூஞ்சியப் பாரு, எளுதியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். உட்காரவில்லை.

"சித்தப்பா, போலின்னு போட்டுட்டான் ஒருத்தன். பழசப் பாத்து அச்சு அசலா அடிச்சதுதான் அது. பழச வச்சிருந்தா காட்டியிருப்போம். நீங்கதான வாங்கிட்டுப் போனீக?"

"நானா?"

"சாமி படம் கிளிஞ்சத வீட்டுல வச்சுக்கிட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொன்னீக. அம்மா பயந்துபோயி புதுசு ஒண்ணு அடிச்சு வச்சுக்கிட்டு பழச உங்க சாக்குல போட்டாக."

உண்மைதான். வருசா வருசம் மார்கழிக் கடைசியில் தெருவில் வீடு வீடாகப் போய், பழைய சாமி காலண்டர்களைச் சாக்கில் வாங்கி, குப்பையில் மிதிபடாமல் ஊருணித் தண்ணீரில் விடுவேன். புண்ணியம் என்று செய்தது. மதினி அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகத்தை ரெண்டு கையாலும் நீட்டியது அப்போது ஞாபகம் வந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்குச் சாட்சியாவது சொல்லுவேன். அதற்கும் வழியில்லை.

"யோசிச்சுப் பாக்கேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன். 'போலி' என்ற ஒரு சொல்லை எடுப்பது எனக்கு ஒரு நிமிச வேலை. ஏன் எடுத்தாய் என்று அங்கே சக நிருவாகிகள் கேட்பார்கள். நீதானா அவன் என்று இங்கே தெருவில் கேட்பார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், தண்ணீரில் விட்டதைச் சான்றாகக் காட்ட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கும் கோயிலுக்குப் போனேன். திருநீறு பூசிக்கொண்டேன்.

அந்த வருசம் பங்குனியில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது பெண்கள் கும்மிக்கு வட்டம் கூடி நின்றார்கள். ஒருத்தி, "அத்தை, சினிமாவுல ஆடுனத இங்கன ஒருக்க ஆடிக் காட்டுங்க" என்றாள். வட்டம் முழுக்கச் சிரிப்பு.

மதினியும் சிரித்தார். "எங்கன ஆடுனேன்? அப்படி ஒரு படமே இல்லத்தா. படிச்சவுக பாத்துத்தான சொல்லியிருக்காக. நாந்தான் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். கையிலிருந்த பூத்தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப எங்கய்யா யாரு?" என்று கேட்டாள். சத்தமாக இல்லை, ஆனாலும் அம்புட்டுப் பேருக்கும் கேட்டது. மதினி குனிந்து பூத்தட்டை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போனார். அந்த மாசமே மகள் ஆலங்குளம் பக்கம் குடி போய்விட்டாள். மூணு வருசம் கழித்து மதினி செத்தபோது வாசல் வரைக்கும் வந்தாள், உள்ளே வரவில்லை. பாடை தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக ஒரு வரி சேர்க்க வேண்டாம். மகள் வந்து சொன்ன பிறகு எனக்குத் தெரியும். அம்மன் மன்னித்தாள் என்றும் எழுத வேண்டாம், நான் கேட்கவே இல்லை. மதினி கும்மி வட்டத்தில் அழுததாகவும் யாரும் மாற்ற வேண்டாம். அவர் அழவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.