மாரிசெல்வி சொன்ன பதில்

2007 ஜனவரி 27: கடைசி வாரச் சம்பளம், ரூ. 540.
மே 21: இரண்டு பவுன் சங்கிலி விற்றது, ரூ. 13,100.
மே 28: விசாவுக்கு ஏஜென்ட்டிடம் கொடுத்தது, ரூ. 1,800.
ஜூன் 4: சிங்கப்பூர் போய்வர டிக்கெட், ரூ. 9,750.
ஜூன் 11: கையில் கொண்டுபோக ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரூ. 1,330.

சங்கிலியை விற்றவள் ஆமத்தூர் மாரிசெல்வி. வெடி கம்பெனியில் பேக்கிங் வேலை. அவள் புருஷன் ஊர்க்காவலன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். ஏப்ரலில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தகடு வைத்தும் எலும்பு சேரவில்லை. ஜூன் 15 அன்று மறுபடியும் அறுக்கப் போகிறார்கள். "நீ பக்கத்துல இருந்தாப் போதும்டி" என்று போனில் அழுதான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை.

கிளம்பும்போது, ஜனவரி கடைசியிலிருந்து மூடிக் கிடந்த கம்பெனியின் போர்மேன் காளீஸ்வரன் தைரியம் சொல்லி அனுப்பினார். "லைசென்சுக்குத் தடை போட்டிருக்காக, அம்புட்டுதான். தீபாவளி ஆர்டருக்குத் திறந்துருவோம். நீ நம்ம கம்பெனி ஆளு தாயி. யாரு கேட்டாலும் நிமிந்து பதில் சொல்லு."

ஜூன் 12 காலை சிங்கப்பூர் விமான நிலையத்தில் அவளைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். எதிரே தமிழ் தெரிந்த பெண் அதிகாரி.

"உங்களுக்கு இப்ப வேலை இருக்கா?"

"இருக்கு மேடம். கம்பெனிதான் மூடியிருக்கு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "மூடியிருந்தா வேலை எப்படி இருக்கும்?"

"திறந்ததும் கூப்புடுவாக."

"கடைசியா எப்ப சம்பளம் வாங்குனீங்க?"

"ஜனவரி கடைசியில."

"கையில ஐம்பது வெள்ளிதான் இருக்கு. பதினாலு நாள் இங்க என்ன செய்வீங்க?"

மாரிசெல்விக்குச் சுருக்கென்றது. அவர்கள் ஊர்ப்பக்கத்தில் விருந்தாளியாகப் போகிறவள்கூட கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டாள். அந்த வீட்டுத் தீப்பெட்டி அட்டையை இழுத்து வைத்து ஒட்டிக்கொண்டேதான் ஊர்க்கதை பேசுவாள். சும்மா உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனவளை ஒரு மாசம் பேசுவார்கள்.

"சும்மாவா உக்காந்து திம்பேன்? அவுக கூட இருக்குற பத்துப் பேருக்கும் பொங்கிப் போடுவேன். வேற வேலை கெடச்சாலும் செய்வேன். எந்த வேலைக்கும் அஞ்ச மாட்டேன் மேடம்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வந்து, திரும்பிப் போகும் விமானம் மத்தியானம் என்றார். மாரிசெல்விக்கு விளங்கவில்லை. தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லையே!

ஒரே ஒரு போன் பேச விட்டார்கள்.

"எங்கன இருக்க? கண்ணாடிக்கு வெளியதான் நிக்கேன், கம்பு ஊனிக்கிட்டு" என்றான் ஊர்க்காவலன்.

"திருப்பி அனுப்புறாக."

"ஏன், என்ன சொன்ன?"

"வேலை செய்வேன்னு சொன்னேன்."

 "அடிப்பாவி, பாத்துட்டுப் போற விசாவுல வந்தவ இங்க வேலை செய்யக் கூடாதுடி. அதத் தவிர வேற என்னத்தையும் சொல்லியிருக்கலாமே" என்றான்.

அறுவை அவள் இல்லாமல்தான் நடந்தது. காலில் சீழ் வைத்தது; மூன்றாம் தடவையும் அறுக்க வேண்டும் என்றார்கள். அவள் வேலையில் இருப்பதற்குக் கம்பெனிக் கடிதம் வைத்து மறுபடி விண்ணப்பித்தால் விடுவார்கள் என்று ஊர்க்காவலன் விசாரித்துச் சொன்னான். அவள் காளீஸ்வரனிடம் போனாள். அவர் ஆபீசுக்கு எழுதிப்போட்டார்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. ஜனவரி 31 முதல் அவள் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டாள் என்று இரண்டே வரி. சங்கிலி விற்றபோது, விசா எடுத்தபோது, அந்த அறையில் நிமிர்ந்து பதில் சொன்னபோது, அப்போதெல்லாமே அவளுக்கு வேலை இல்லை. கடிதத்தோடு ஓட்டமாக ஓடினாள். காளீஸ்வரன் தன் வீட்டு வாசலில் நின்றார். அவர் கையிலும் அதே உறை.

"எனக்கும் இதேதான் தாயி" என்றார்.

கடிதம் வந்த நாள் 2007 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை.