பலகை குடித்த மருந்து

சென்ற மார்ச் ஒன்பதாம் தேதி, காலை பத்தேகால் மணி, விடாத மழை. லிட்டில் இந்தியாவில் என் வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு இரண்டு தடவை மருந்து அடித்தவர் எதிரே நின்றார். பூச்சி ஒழியவில்லை. "அது போற வரைக்கும் செங்காங்ல எங்க வீட்டுக்கு வராதீங்கப்பா" என்று மகள் சொல்லி ஏழு வாரம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

"நல்ல மருந்து அங்கிள்" என்று அவர் சாதித்தார்.

மருந்து காய்ந்த தரை டைல்ஸில் ஒரு பூச்சியையும், அதே மருந்து அடித்த கட்டில் பலகையில் ஒன்றையும் முந்தின நாளே தம்ளரால் மூடி வைத்திருந்தேன். காட்டினேன். டைல்ஸில் இருந்தது செத்துக் கிடந்தது. பலகையில் இருந்தது உலாவிக்கொண்டிருந்தது.

"பலகையில வார்னிஷ் இல்லையே. வெறும் மரம் மருந்த உள்ள இழுத்துக்கும், மேல ஒண்ணும் நிக்காது."

"இதக் காசு வாங்குறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன, தம்பி?"

"நீங்க கேக்கலையே லா!"

கேட்கவில்லையாம்! காய்ச்சல்காரனா மருத்துவருக்குப் பாடம் எடுப்பது?

வாசம் பிடிக்காமல் அந்த வார்னிஷைச் சுரண்டி எடுத்தவன் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லையே.

பழைய கட்டிலையும் மெத்தையையும் தூக்கிப் போட்டு, இரும்புக் கட்டில் வாங்கி, மூன்றாம் தடவையும் மருந்து அடித்தபின்தான் செங்காங் கதவு எனக்குத் திறந்தது. மொத்தச் செலவு ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.